கிங் கிரிம்சன்: ஒரே பெயரில் இயங்கிய பல குழுக்கள்

இங்கிலாந்தைச் சேர்ந்த கிங் கிரிம்சன் என்னும் ராக் இசைக்குழு 1969 முதல் 2003 வரையிலான காலத்தில் 13 ஸ்டுடியோ ஆல்பங்களை வெளியிட்டது. அந்தப் பதின்மூன்றிலும் வாசித்திருப்பவர் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் ஒருவர் மட்டுமே. பாடகர்களும் டிரம்ஸ் கலைஞர்களும் பாடலாசிரியர்களும் வந்தார்கள், போனார்கள். ஓரிருவர் போய்விட்டுத் திரும்பியும் வந்தார்கள். இதனால் புதிதாகக் கேட்க வருபவர் ஒரு சிக்கலை எதிர்கொள்கிறார். 1969ஆம் ஆண்டின் ஆல்பத்தை விரும்பிக் கேட்ட ஒருவர் அடுத்ததாக 1981ஆம் ஆண்டின் ஆல்பத்தைப் போட்டால், கடைக்காரர் உறைக்குள் வேறு யாருடைய இசைத்தட்டையோ வைத்துக் கொடுத்துவிட்டாரோ என்றுதான் நினைப்பார்.

இக்குழுவின் வரலாற்றை ஆல்பங்களின் வரிசையாகப் பார்ப்பதைவிட, ஆட்களின் தொகுதிகளாகப் பார்ப்பதே எளிது. ஒரு தொகுதிக் கலைஞர்கள் சேர்ந்து ஒரு வாசிப்பு முறையைக் கண்டுபிடிப்பார்கள். அந்த முறையில் செய்யக்கூடியதெல்லாம் முடிந்துவிட்டது என்று ஃபிரிப் கருதியவுடன் குழு கலைக்கப்படும். சில ஆண்டுகளோ, பத்தாண்டுகளோ கழிந்தபின் வேறு ஆட்களுடன் வேறொரு முறை தொடங்கும். மற்ற குழுக்களின் வரலாற்றில் கலைப்பு என்பது முடிவைக் குறிக்கும். இங்கே அது வேலை செய்யும் வழிகளில் ஒன்று.

முதலில் புரோகிரசிவ் ராக் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1960களின் நடுப்பகுதி வரை ராக் பாடல் என்றால் ஏறத்தாழ மூன்று நிமிடங்கள், சரணமும் பல்லவியும் மாறி மாறி வரும் அமைப்பு, ஆடத் தோதான நான்கு எண்ணிக்கைத் தாளம் என்பதே வழக்கமாக இருந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் இடமளிக்கும் நீண்ட இசைத்தட்டு அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தாலும், அது பெரும்பாலும் சிறு பாடல்களைத் தொகுத்துத் தரும் பெட்டியாகவே பயன்பட்டது. அறுபதுகளின் இறுதியில் ஆங்கிலேய இளைஞர்கள் சிலர் அந்த இருபது நிமிடங்களையும் ஒரே படைப்பாகக் கையாள முற்பட்டார்கள். ஐரோப்பியச் செவ்வியல் இசையிலிருந்து பல பகுதிகளாக விரியும் அமைப்பையும், ஜாஸிலிருந்து மனோதர்ம வாசிப்பையும் எடுத்துக்கொண்டு, அவற்றை மின் கிட்டாரின் உரத்த ஓசையோடு இணைத்தார்கள். யெஸ், ஜெனசிஸ், ஜெத்ரோ டல் போன்ற குழுக்கள் இந்தப் போக்கில் புகழ்பெற்றவை. இந்த வகையின் இலக்கணத்தை முழுமையாகக் காட்டிய முதல் ஆல்பமாகப் பலரும் குறிப்பிடுவது, 1969 அக்டோபரில் வெளிவந்த ‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்’ என்பதைத்தான்.

அந்த முதல் தொகுதி ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 1969 ஜனவரியில் லண்டனில் ஒத்திகையைத் தொடங்கிய ஃபிரிப், டிரம்ஸ் கலைஞர் மைக்கேல் ஜைல்ஸ், பாடகரும் பேஸ் கலைஞருமான கிரெக் லேக், சாக்ஸபோனும் விசைப்பலகையும் வாசித்த இயன் மெக்டொனால்ட் ஆகிய நால்வரும், பாடல் வரிகளை எழுதுவதற்கென்றே குழுவில் இருந்த பீட்டர் சின்ஃபீல்டும், அதே ஆண்டு ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவச நிகழ்ச்சியில், பெரும் கூட்டத்தின்முன் மேடையேறினார்கள். அப்போது அவர்களின் ஆல்பம் எதுவும் வெளிவந்திருக்கவில்லை. மூன்று மாதங்கள் கழித்து வந்த ஆல்பத்தின் உறையில் குழுவின் பெயரோ தலைப்போ இல்லை. அலறும் முகம் ஒன்று மட்டும் உறை முழுவதையும் நிறைத்திருந்தது. அதை வரைந்த பாரி காட்பர் ஒரு கணினி நிரலாளர். ஆல்பம் வெளிவந்து சில மாதங்களிலேயே, 1970 பிப்ரவரியில், இருபத்து நான்கு வயதில் இறந்துபோனார்.

ஆல்பத்தில் ஐந்தே பாடல்கள். முதல் பாடலான ‘ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்டு மேன்’ வியட்நாம் போரின் கொடுமையை நினைவூட்டும் வரிகளை, வேண்டுமென்றே சிதைக்கப்பட்ட குரலில் பாடுகிறது. அதன் நடுப்பகுதியில் கிட்டார், சாக்ஸபோன், பேஸ், டிரம்ஸ் நான்கும் ஒரே நேரத்தில் அதிவேகமாகச் சில சுரங்களை வாசித்து, ஒரே நேரத்தில் நின்று, அந்த மௌனத்தை எண்ணிவிட்டு மீண்டும் ஒரே நேரத்தில் பாய்வதைக் கவனிக்க வேண்டும். நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் முடியும்போது வரும் கோர்வையில், மிருதங்கமும் கடமும் ஒரு சொல்லும் பிசகாமல் சேர்ந்து விழும்போது உண்டாகும் பரபரப்பை அறிந்தவர்களுக்கு இந்த இடம் உடனே பிடிபட்டுவிடும்.

இரண்டாவது பாடல் அதற்கு நேர்மாறாக, புல்லாங்குழலுடன் அமைதியாகச் செல்கிறது. மூன்றாவதான ‘எபிடாஃப்’ பாடலில்தான் இக்குழுவின் தொடக்ககால அடையாளமான மெல்லோட்ரான் முழு வலிமையுடன் ஒலிக்கிறது. மெல்லோட்ரான் ஒரு விசைப்பலகைக் கருவி. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு காந்த நாடாத் துண்டு இருக்கும்; வயலின்களோ புல்லாங்குழலோ வாசித்த ஒரு சுரம் அதில் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடி, அந்தச் சுரம் ஏறத்தாழ எட்டு வினாடிகள் ஒலிக்கும். விரலை எடுத்தால் நாடா பின்னுக்கு இழுக்கப்படும். எட்டு வினாடிகளுக்கு மேல் எந்தச் சுரத்தையும் நீட்ட முடியாது. போதாததற்கு, மேடையில் அந்தக் கருவியைச் சுருதியில் நிறுத்துவதும் எளிதன்று. இத்தனை குறைகளும் சேர்ந்துதான், உண்மையான வயலின்களில் கிடைக்காத ஒரு மங்கிய, சற்றே நடுங்கும் துயரத்தை அதற்குத் தந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடத்தைப் பிடித்தது. ஆனால் 1969 டிசம்பரில், முதல் அமெரிக்கச் சுற்றுப்பயணம் முடிவதற்குள்ளாகவே, மெக்டொனால்டும் ஜைல்ஸும் விலக முடிவெடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டில் லேக்கும் விலகி, எமர்சன் லேக் அண்ட் பாமர் குழுவைத் தொடங்கச் சென்றார். எஞ்சியவர்கள் ஃபிரிப்பும் சின்ஃபீல்டும் மட்டுமே.

1970 மே மாதம் வந்த ‘இன் த வேக் ஆஃப் போஸைடன்’ முதல் ஆல்பத்தின் அமைப்பை ஏறக்குறைய அப்படியே பின்பற்றுகிறது: கடுமையான பாடல், அதையடுத்து மென்மையான பாடல், அதன்பின் மெல்லோட்ரான் பெருக்கெடுக்கும் நீண்ட பாடல். இக்குழு தன்னைத்தானே நகலெடுத்த தருணம் இதுவென்றே சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், விற்பனைப் பட்டியலில் இது முந்தையதைவிட ஓரிடம் மேலே, நான்காம் இடத்துக்குச் சென்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ‘லிசர்டு’, ஜாஸ் பியானோ கலைஞர் கீத் டிப்பெட்டின் துணையுடன் வேறு திசையில் திரும்பியது. அதன் தலைப்புப் படைப்பு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது, அதன் தொடக்கப் பகுதியை யெஸ் குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சன் விருந்தினராகப் பாடியிருக்கிறார். 1971 இறுதியில் வந்த ‘ஐலண்ட்ஸ்’ ஆல்பத்தின்போது குழுவுக்குப் பாடகர் கிடைத்திருந்தார், பேஸ் வாசிப்பவர் அமையவில்லை. எனவே பாடகர் போஸ் பர்ரெல்லுக்கு ஃபிரிப்பே பேஸ் கிட்டாரைக் கற்றுக்கொடுத்தார். இந்த மூன்று ஆல்பங்களையும் தொடக்க நிலையில் உள்ளவர்கள் பின்னர் கேட்டுக்கொள்ளலாம். இவற்றில் அழகான இடங்கள் பல உண்டு, எனினும் குழு என்று சொல்லத்தக்க ஒன்று அந்த இரண்டு ஆண்டுகளில் உறுதியாக இல்லை என்பது கேட்கும்போதே தெரிகிறது.

1972இல் நிலைமை முற்றிலும் மாறியது. சின்ஃபீல்டு வெளியேற்றப்பட்டார், பழைய ஆட்கள் அனைவரும் போனார்கள். யெஸ் குழு தன் வெற்றியின் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில் அதை உதறிவிட்டு வந்த டிரம்ஸ் கலைஞர் பில் புரூஃபோர்டு, பாடகரும் பேஸ் கலைஞருமான ஜான் வெட்டன், வயலின் வாசித்த டேவிட் கிராஸ், தாளக் கருவிகளுடன் உலோகத் தகடுகளையும் சங்கிலிகளையும் பறவை விசில்களையும் மேடைக்குக் கொண்டுவந்த ஜேமி மியூர் ஆகியோர் ஃபிரிப்புடன் சேர்ந்தார்கள். இவர்களின் முதல் ஆல்பமான ‘லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்’ 1973 மார்ச்சில் வெளிவந்தபோது மியூர் ஏற்கெனவே குழுவை விட்டு விலகியிருந்தார். அவர் ஸ்காட்லாந்தில் உள்ள திபெத்தியப் பௌத்த மடம் ஒன்றில் சேர்ந்தார்.

இந்த ஆல்பத்தைக் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். முதல் சில நிமிடங்கள் கட்டைவிரலால் மீட்டும் சிறு கருவியின் மெல்லிய ஒலி மட்டுமே கேட்கும். கேட்கவில்லையே என்று ஒலியளவைக் கூட்டி வைத்தால், பின்னால் வரும் கிட்டார் காதைப் பதம் பார்த்துவிடும். ஆல்பத்தின் தலைப்பையே தாங்கிய படைப்பு, முதல் பாகமாகத் தொடக்கத்திலும் இரண்டாம் பாகமாக இறுதியிலும் அமைந்திருக்கிறது. இதன் மூன்றாம் பாகம் 1984ஆம் ஆண்டின் ஆல்பத்திலும், நான்காம் பாகம் 2000ஆம் ஆண்டின் ஆல்பத்திலும் வந்தன. 2003ஆம் ஆண்டின் கடைசி ஸ்டுடியோ ஆல்பத்தில் உள்ள ‘லெவல் ஃபைவ்’ ஐந்தாம் பாகமாகக் கருதப்படுகிறது. முப்பது ஆண்டுகள், மூன்று வெவ்வேறு தொகுதிக் கலைஞர்கள், ஒரே கருத்தின் ஐந்து பாகங்கள். ஆட்கள் மாறினாலும் மாறாத ஒரு சரடு இக்குழுவில் உண்டா என்று கேட்பவர்களுக்குக் காட்டக்கூடிய சான்று இதுதான்.

1974 மார்ச்சில் வந்த ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’ ஸ்டுடியோ ஆல்பம் என்று அழைக்கப்பட்டாலும், அதன் பெரும்பகுதி மேடை நிகழ்ச்சிகளில் பதிவானது. பார்வையாளர்களின் கைதட்டல் ஒலியை நீக்கிவிட்டுத் தந்திருக்கிறார்கள். அக்காலத்தில் இக்குழு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் முன்திட்டம் எதுவுமின்றி மேடையிலேயே உருவாக்கி வாசிக்கும் பகுதிகளுக்குக் கணிசமான நேரம் ஒதுக்கியது. அப்படி உருவான ‘ட்ரியோ’ என்ற படைப்பில் வயலின், பேஸ், மெல்லோட்ரான் மூன்று மட்டுமே ஒலிக்கின்றன. மேடையில் இருந்த புரூஃபோர்டு, டிரம்ஸ் இங்கே தேவையில்லை என்று உணர்ந்து, குச்சிகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு இறுதிவரை சும்மா அமர்ந்திருந்தார். அந்த அடக்கமே படைப்புக்கு அவர் அளித்த பங்கு என்று கருதி, அதை இயற்றியவர்களில் ஒருவராக அவர் பெயரையும் மற்றவர்கள் சேர்த்தார்கள்.

அதே ஆண்டில் வந்த ‘ரெட்’ என் கணிப்பில் இக்குழுவின் மிகச் சிறந்த ஆல்பம். அமெரிக்கச் சுற்றுப்பயணம் முடிந்தவுடன் கிராஸும் விலக நேர்ந்ததால் ஃபிரிப், வெட்டன், புரூஃபோர்டு மூவர் மட்டுமே எஞ்சியிருந்தார்கள். பழைய உறுப்பினர்கள் சிலர் விருந்தினராக வந்து வாசித்தார்கள். இதன் இறுதிப் படைப்பான ‘ஸ்டார்லெஸ்’ பன்னிரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் நீள்கிறது. வெட்டன் முந்தைய ஆல்பத்துக்காகவே எழுதிக் கொண்டுவந்த இந்தப் பாடலை அப்போது மற்றவர்கள் ஏற்கவில்லை. பின்னர் நீண்ட கருவியிசைப் பகுதி சேர்க்கப்பட்டு இந்த வடிவத்துக்கு வந்தது.

‘ஸ்டார்லெஸ்’ பாடலைச் சற்று நிதானமாகக் கேட்பது, புரோகிரசிவ் ராக் என்ற வகை நீளத்தை எதற்காகக் கேட்கிறது என்பதைப் புரியவைக்கும். முதல் நான்கு நிமிடங்களுக்கு மேல் அது மெல்லோட்ரான் பின்னணியில் ஒலிக்கும் சோகப் பாடல். பிறகு குரல் நின்றுவிடுகிறது. பேஸ் கிட்டார் பதின்மூன்று எண்ணிக்கை கொண்ட ஒரு சொற்றொடரைத் தனியாகத் தொடங்கி, திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அதன்மேல் ஃபிரிப் ஒரே ஒரு சுரத்தை மட்டும் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறார். நெடுநேரம் கழித்து அது ஒரு படி ஏறுகிறது, பிறகு இன்னொரு படி. டிரம்ஸ் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சீண்டுகிறது, பின்னர் நெருங்குகிறது. பல நிமிடங்கள் இந்த இறுக்கம் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அனைத்தும் இரட்டை வேகத்தில் வெடித்து, சாக்ஸபோன் பாய்ந்து வந்து, முடிவில் தொடக்கத்தில் கேட்ட அதே சோக மெட்டு முழுக்குழுவின் ஓசையில் திரும்புகிறது. அந்த மெட்டு ஒரு சுரமும் மாறவில்லை. இடையில் நடந்தவற்றால் அது வேறாகக் கேட்கிறது. மூன்று நிமிடப் பாடலில் இதைச் செய்ய வழியில்லை.

‘ரெட்’ கடைகளுக்கு வருவதற்குச் சில நாட்களுக்கு முன், 1974 செப்டம்பரில், ஃபிரிப் குழுவைக் கலைத்தார். பிரிட்டிஷ் பட்டியலில் அந்த ஆல்பம் நாற்பதுக்கும் கீழே ஒரு வாரம் தலைகாட்டிவிட்டு மறைந்தது.

அடுத்த ஏழு ஆண்டுகளில் ஃபிரிப் ஆன்மிகப் பயிற்சியில் சில காலம் ஈடுபட்டார்; நியூயார்க்கில் வாழ்ந்தார்; 1977இல் டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ பாடலில் கிட்டார் வாசித்தார். 1981இல் அவர் புரூஃபோர்டையும், அமெரிக்கர்களான ஏட்ரியன் பெலூ, டோனி லெவின் ஆகியோரையும் கூட்டித் தொடங்கிய புதிய குழுவுக்கு முதலில் வைத்த பெயர் ‘டிசிப்ளின்’. விரைவிலேயே கிங் கிரிம்சன் என்ற பழைய பெயர் திரும்பியது. ‘டிசிப்ளின்’ ஆல்பத்தின் தலைப்பாயிற்று.

இந்த ஆல்பத்தில் மெல்லோட்ரானும் இல்லை, அரண்மனைகளும் மன்னர்களும் இல்லை. இரண்டு மின் கிட்டார்கள் சிறுசிறு சுரக்கோவைகளைப் பின்னிப் பின்னி வாசிக்கின்றன. இந்தோனேசியாவின் கேமலான் இசையின் செல்வாக்கு அதில் தெளிவாகத் தெரிகிறது. லெவின், நரம்புகளை மீட்டாமல் இரு கை விரல்களாலும் தட்டி வாசிக்கும் பத்து நரம்பு ஸ்டிக் என்னும் கருவியைக் கொண்டுவந்தார். ‘ஃபிரேம் பை ஃபிரேம்’ பாடலில் இரு கிட்டார்களும் ஏழு எண்ணிக்கைச் சுரக்கோவை ஒன்றை ஒன்றாகத் தொடங்குகின்றன. பின்னர் ஒன்று அப்படியே தொடர, அதாவது இரண்டு சுற்றுக்குப் பதினான்கு என்று போக, மற்றொன்று அந்தப் பதினான்கில் கடைசிச் சுரத்தை விட்டுவிட்டுப் பதின்மூன்றாக வாசிக்கிறது. இதனால் அது ஒவ்வொரு முறையும் ஒரு சுரம் முந்திச் சென்று, மற்றதிலிருந்து மேலும் மேலும் விலகுகிறது. கணக்குத் தெரியாமல் கேட்பவருக்கு ஒளி மின்னுவதைப் போன்ற ஓர் அதிர்வு மட்டும் கேட்கும், அதுவே போதுமானது. மிஸ்ர சாபுத் தாளத்தில் கைபழகியவர்கள் ஏழை விரலால் எண்ணிக்கொண்டே கேட்டால் கூடுதல் சுவை கிடைக்கும்.

அதே நால்வர் 1982இல் ‘பீட்’, 1984இல் ‘திரீ ஆஃப் எ பெர்ஃபெக்ட் பேர்’ ஆகியவற்றை வெளியிட்டார்கள். மூன்று ஆல்பங்களுக்கு ஒரே ஆட்கள் என்பது இக்குழுவில் அதுவரை நடக்காத ஒன்று. ஆயினும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் புதுமை சற்றுத் தேய்ந்திருந்தது என்பதே என் எண்ணம். ஃபிரிப்புக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். 1984இல் குழு மீண்டும் கலைந்தது.

1994இல் அந்த நால்வருடன் டிரே கன், பாட் மாஸ்டலோட்டோ இருவரும் சேர்ந்து, இரண்டு கிட்டார், இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ் என்ற இரட்டை மூவர் அமைப்பு உருவானது. 1995இல் வந்த ‘த்ராக்’ எழுபதுகளின் கனத்தையும் எண்பதுகளின் பின்னலையும் ஒன்றாக்க முயன்றது. புரூஃபோர்டும் லெவினும் விலகிய பின், எஞ்சிய நால்வர் 2000இல் ‘த கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆஃப் லைட்’, 2003இல் ‘த பவர் டு பிலீவ்’ ஆகிய இரண்டையும் செய்தார்கள். 2001இல் இளைய தலைமுறையின் டூல் குழுவுடன் இவர்கள் இணைந்து சுற்றுப்பயணம் செய்ததால், கனமான உலோக ராக் கேட்பவர்களிடமும் இப்பெயர் பரவியது. இந்த இரண்டில் பின்னதே வலுவானது.

அதற்குப் பின் புதிய ஸ்டுடியோ ஆல்பம் எதுவும் வரவில்லை என்றாலும் கதை அங்கே முடியவில்லை. 2014இல் ஃபிரிப் ஏழு பேர் கொண்ட குழுவுடன் மேடைக்குத் திரும்பினார். மேடையின் முன்வரிசையில் மூன்று டிரம்ஸ் கலைஞர்கள். கிட்டாரும் பேஸும் சாக்ஸபோனும் பின்னால் ஓர் உயரமான தளத்தில். எழுபதுகளின் சாக்ஸபோன் கலைஞர் மெல் காலின்ஸ் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்பியிருந்தார்; பல பத்தாண்டுகளாக மேடையேறாத பாடல்களும் அவருடன் திரும்பின. நிகழ்ச்சியின்போது யாரும் படம் எடுக்கக் கூடாது. இறுதியில், மீண்டும் குழுவில் சேர்ந்திருந்த லெவின் தன் கேமராவைக் கையில் எடுத்தால் மட்டுமே பார்வையாளர்களும் எடுக்கலாம் என்று விதி இருந்தது. இந்தக் குழு 2021 டிசம்பரில் டோக்கியோவில் தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தியது.

இனி எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி எஞ்சுகிறது. 2019 வரை இக்குழுவின் ஆல்பங்கள் இணைய ஒலிபரப்புச் சேவைகளில் முறையாகக் கிடைக்கவில்லை. ஃபிரிப் 1992இல் தொடங்கிய டிஜிஎம் நிறுவனம் வழியாக இசைத்தட்டுகளை வாங்கியே கேட்க வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தடையில்லை. வெளிவந்த வரிசையில் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது ஆல்பங்களில் களைத்து நின்றுவிடுகிறார்கள் என்பதால், 1969ஆம் ஆண்டின் முதல் ஆல்பம், ‘ரெட்’, ‘டிசிப்ளின்’ ஆகிய மூன்றையும் முதலில் கேட்டு, எந்தக் குழு தமக்கு உகந்தது என்று முடிவு செய்துகொள்வது நல்லது. ‘ரெட்’ பிடித்தவர்கள் அங்கிருந்து 1973க்குப் பின்னோக்கிச் செல்லலாம். ‘டிசிப்ளின்’ பிடித்தவர்கள் ‘த்ராக்’ நோக்கி முன்னே செல்லலாம். முதல் ஆல்பத்தை மட்டும் விரும்பியவர்கள், அதில் வாசித்த நால்வர் மீண்டும் ஒருபோதும் ஒரே குழுவாக ஆல்பம் செய்யவில்லை என்பதால், அடுத்து ‘போஸைடன்’ ஆல்பத்தையும் அதன்பின் ‘ஐலண்ட்ஸ்’ ஆல்பத்தின் தலைப்புப் பாடலையும் கேட்டுப் பார்க்கலாம். 2009 முதல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் பழைய நாடாக்களிலிருந்து புதிதாகக் கலந்து தந்த பதிப்புகள் கிடைக்கும் இடங்களில், தனித்தனிக் கருவிகளைப் பிரித்துக் கேட்க விரும்புவோர் அவற்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ‘லிசர்டு’ ஆல்பத்துக்கு இது குறிப்பாகப் பொருந்தும், ஏனெனில் பழைய பதிப்பில் நெரிசலில் சிக்கியிருந்த ஊதுகருவிகள் புதிய கலவையில்தான் தனித்தனியே தெளிவாகக் கேட்கின்றன.